கோத்தம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள்: டிசி காமிக்ஸ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிபோர்னியா மாநிலம் பர்பாங்கில் இருக்கும் டிசி காமிக்ஸ் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம்.

பேட்மேனின் கற்பனை ஊரான கோத்தம் எந்த மாநிலத்தில் இருக்கிறது, சூப்பர்மேனின் ஊரான மெட்ரோபோலிஸிலிருந்து அங்கே காரில் போக எவ்வளவு நேரம் பிடிக்கும், இரண்டும் நியூயார்க்குக்கு எத்தனை மைல் என்று உங்களைக் கேட்டுத் துளைக்கும் கூட்டம் ஒன்று என்றைக்கும் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. அந்தக் கேள்விக்குக் கடைசிவரை பதில் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். கூடவே இன்னொரு கோரிக்கையும் இருக்கிறது. அது கொஞ்சம் காரமானது, பின்னால் வருகிறது.

லயன் காமிக்ஸ் புண்ணியத்தில் பேட்மேனைத் தமிழில் படித்து, பிறகு உங்கள் ஆங்கில இதழ்களுக்குத் தாவியவர்களில் நானும் ஒருவன். அமெரிக்காவைப் பார்த்ததில்லை. நியூயார்க்கும் எனக்குக் காகிதம்தான், கோத்தமும் காகிதம்தான். நிஜ ஊரும் கற்பனை ஊரும் ஒரே கதையில் அக்கம்பக்கமாக நிற்பது ஒரு நியூ ஜெர்சிக்காரருக்கு உறுத்தலாம். எனக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை. உறுத்துவது வேறு.

இதை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை என்பது உங்கள் பழைய இதழ்களைப் புரட்டினாலே தெரிகிறது. 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேனாக மாறும் கிளார்க் கென்ட் வேலை பார்க்கும் ஊருக்குப் பெயரே கிடையாது. அடுத்த இதழில் கிளீவ்லாந்துப் பத்திரிகை ஒன்றின் பெயர் தலைகாட்டுகிறது. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அந்த ஊரில் இருந்துகொண்டு எழுதி வரைந்தவர்கள், கைப்பழக்கத்தில் வந்திருக்கும். மெட்ரோபோலிஸ் என்ற பெயர் 1939 செப்டம்பரில், 16ஆம் இதழில்தான் வருகிறது. பேட்மேன் கதையும் இதேதான். 1939இல் அவர் நியூயார்க்காரர். டிடெக்டிவ் காமிக்ஸ் 33ஆம் இதழில் ஆகாயக் கப்பல் வந்து தாக்குவது மன்ஹாட்டனை. 1940-41 குளிர்காலத்தில் வந்த பேட்மேன் நான்காம் இதழில்தான் கோத்தம் பிறந்தது.

பெயர் வைத்தவர் பேட்மேன் கதைகளின் எழுத்தாளர் பில் ஃபிங்கர். சிவிக் சிட்டி, கேபிடல் சிட்டி, கோஸ்ட் சிட்டி என்று ஒவ்வொன்றாக யோசித்துவிட்டு, டெலிபோன் டைரக்டரியைப் புரட்டும்போது கோத்தம் ஜுவல்லர்ஸ் என்ற நகைக்கடைப் பெயர் கண்ணில் பட, அதையே எடுத்துக்கொண்டதாக அவர் பின்னாளில் சொன்னார். நியூயார்க் என்றே விட்டிருக்கலாமே என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது: எந்த ஊரில் இருந்து படிக்கிறவனும் இது தன் ஊர் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்பதுதான். (ஊருக்குப் பேர் வைத்தவரின் பெயர் பேட்மேனைப் படைத்தவர்கள் வரிசையில் அதிகாரபூர்வமாக ஏறியது 2015இல். மனிதர் 1974லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கணக்கு தனி, அதற்கு வேறு மடல் எழுத வேண்டும்.)

ஃபிங்கர் சொன்ன அந்தக் காரணத்தை நீங்களே பலமுறை மறந்திருக்கிறீர்கள். 1990இல் மேஃபேர் கேம்ஸ் நிறுவனம் உங்கள் உலகத்துக்கு ஓர் அட்லஸ் போட்டது. அதில் கோத்தம் நியூ ஜெர்சியில், மெட்ரோபோலிஸ் டெலவேரில், நடுவே டெலவேர் விரிகுடா. டெலவேர் மாநிலம் முழுக்கத் தலை எண்ணினால் இன்றைக்கும் பத்து லட்சத்தை ஒட்டித்தான் வரும். அங்கே கொண்டுபோய் நியூயார்க் அளவுக்கு ஒரு மாநகரத்தை நட்டுவைத்தால் மிச்சமுள்ள டெலவேர் எங்கே போகும்? சோயா பயிரிடுகிற நிலம் எங்கே? கோழிப் பண்ணைகள் எங்கே? புள்ளி வைத்த மாத்திரத்தில் இப்படி ஆயிரம் கேள்வி முளைக்கிறது. புள்ளி வைக்காதவரை ஒரு கேள்வியும் இல்லை. 2016 திரைப்படத்தில் இரண்டு ஊரையும் எதிரெதிர்க் கரையில் நிறுத்தினார்கள். இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரிகிறது. பேட்மேனும் சூப்பர்மேனும் முட்டிக்கொள்ள வசதிதான். ஆனால் எதிர்க்கரையிலேயே சூப்பர்மேன் இருக்கிறார் என்றால் கோத்தத்துக்காரன் ராத்திரியில் எதற்குப் பயப்பட வேண்டும்?

உங்கள் உலகத்தில் நியூயார்க்கும் இருக்கிறதே, அதுதான் என்னைக் கவர்ந்த விஷயம். 1980இல் புதிதாகத் தொடங்கிய இளம் ஹீரோக்களின் டீன் டைட்டன்ஸ் தொடரில், ஆங்கில டி எழுத்து வடிவில் கட்டிய அவர்கள் கோபுரம் நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவரில் எழும்புகிறது. 1987இல் வில்வீரர் கிரீன் ஆரோ தன் ஸ்டார் சிட்டியை விட்டு நிஜமான சியாட்டிலுக்குக் குடிபோகிறார். அங்கே அவர் காதலி பிளாக் கேனரிக்கு ஷெர்வுட் ஃபுளோரிஸ்ட் என்று ஒரு பூக்கடை. அதே ஆண்டில் வொண்டர் வுமன் வந்து இறங்குவது பாஸ்டனில். கோத்தத்தைப் பற்றி பேட்மேன் எழுத்தாளர் டென்னி ஓ'நீல் சொன்னது பிரபலம்: மன்ஹாட்டனில் 14ஆம் தெருவுக்குத் தெற்கே, நவம்பரில் ஆகக் குளிரான ராத்திரியில், நள்ளிரவு தாண்டிப் பதினொரு நிமிடத்தில் எப்படி இருக்குமோ அதுதான் கோத்தமாம். அழகான விளக்கம்தான். ஆனால் அப்படியானால் அந்தப் பகல்நேர மன்ஹாட்டன் எங்கே என்று கேட்டால், அதுவும் அதே கதையில், டிக்கெட் வாங்கி ரயிலேறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. நியூயார்க் தன் பெயரிலேயே கதைக்குள் நிற்பதால்தான் கோத்தம் நியூயார்க்கின் மாறுவேடம் ஆகாமல் தப்பிக்கிறது. சுதந்திர தேவி சிலை, பங்குச் சந்தை, ஐ.நா. தலைமையகம் எல்லாவற்றையும் நியூயார்க்கே சுமந்துகொள்கிறது. கோத்தத்துக்குத் தன் சொந்த இருட்டைத் தவிர வேறு சுமை இல்லை.

இதற்கு நேர்மாறாக, வரைபடத்தில் உண்மையிலேயே மெட்ரோபோலிஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. இல்லினாய்ஸ் மாநிலத்தின் தென்கோடியில், ஒகையோ ஆற்றங்கரையில், சுமார் ஆறாயிரம் பேர் வாழும் சிற்றூர். 1972இல் அதைச் சூப்பர்மேனின் சொந்த ஊராக நீங்களே அறிவித்தீர்கள். 1993இல் நீதிமன்றத்துக்கு எதிரே 15 அடி உயரத்தில் வெண்கலச் சூப்பர்மேனை நிறுத்திவிட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகையின் பெயர் மெட்ரோபோலிஸ் பிளானட். ஆண்டுதோறும் ஜூனில் திருவிழா. அந்தச் சிற்றூர் கற்பனை ஊரோடு எவ்வளவு சுமுகமாகக் குடித்தனம் நடத்துகிறது பாருங்கள். உங்கள் மெட்ரோபோலிஸ் டெலவேரில்தான் என்று முத்திரை குத்திவிட்டால் இந்த ஆறாயிரம் பேருக்கு முகத்தில் அடித்த மாதிரி இருக்காதா?

சரி, எங்கே என்பதைச் சொல்ல வேண்டாம் என்றேன். எப்படி என்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதுதான் அடுத்தது. அதை நீங்கள் பிரமாதமாகச் செய்த இடங்கள் உண்டு. மின்னல் வேகத்தில் ஓடும் ஹீரோ பிளாஷின் கதைகளில் கீஸ்டோன் சிட்டியும் சென்ட்ரல் சிட்டியும் முதலில் வெவ்வேறு இணை பூமிகளில் இருந்தன. 1961இல் வந்த 123ஆம் இதழில் பிளாஷான பேரி ஆலன் அதிர்ந்து அதிர்ந்து ஒரு பூமியிலிருந்து மறு பூமிக்குப் போய் விழுந்தார். 1985-86இல் உங்கள் பூமிகளையெல்லாம் ஒன்றாக்கியபோது இரண்டு ஊரும் ஆற்றின் இரு கரையில் இரட்டை நகரங்களாகிவிட்டன, நிஜத்தில் கேன்சஸ் மாநிலத்திலும் மிசூரி மாநிலத்திலும் ஒரே பெயரில் எதிரெதிரே நிற்கும் இரண்டு கேன்சஸ் சிட்டிகளைப் போல. ஆனால் கீஸ்டோன் எனக்கு ஊராக ஆனது அந்த ஏற்பாட்டால் இல்லை. 2000க்குப் பிறகு டெட்ராய்ட்டுக்காரரான ஜெஃப் ஜான்ஸ் எழுத வந்து, அதைக் கார்த் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் ஊராக ஆக்கினாரே, அப்போதுதான். வில்லன்கூட அங்கே உழைக்கும் வர்க்கத்து ஆள்.

1992இல் நீங்கள் செய்த வேலை இன்னும் விசித்திரம். 1989 பேட்மேன் படத்துக்கு ஆன்டன் ஃபர்ஸ்ட் போட்ட கோத்தம் செட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. காமிக்ஸ் கோத்தமோ அப்போது கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த சாதாரண அமெரிக்க நகரம். வேறொரு நிறுவனமாக இருந்தால் அடுத்த இதழிலிருந்து சத்தமில்லாமல் மாற்றி வரைந்திருக்கும். நீங்கள் டெஸ்ட்ராயர் என்று மூன்று இதழ்க் கதை எழுதினீர்கள். ஊரில் ஒருவன் புதுக் கட்டடங்களுக்குக் குண்டு வைக்கிறான். புழுதி அடங்கியதும் பின்னால் மறைந்திருந்த பழைய கோதிக் கட்டடங்கள் தெரிகின்றன, சைரஸ் பின்க்னி என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞன் எழுப்பியவை. அந்த அழகு ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அவன் இடித்திருக்கிறான். கலை இயக்கத்தில் வந்த ஒரு மாற்றத்தை ஊரின் வரலாறாகவே ஆக்கிவிட்டீர்கள். ஒரு நகரத்தில் முந்தைய தலைமுறை கட்டியதை அடுத்த தலைமுறை மறைத்துக் கட்டும், பிறகொருவன் வந்து கோபப்படுவான். ஊர் என்றால் அதுதானே.

அதற்கும் மேலே 1999. நோ மேன்ஸ் லேண்ட். அந்த ஆண்டு முழுக்க உங்கள் எல்லா பேட்மேன் இதழ்களும் ஒரே கதையைச் சொல்லின. முந்தைய ஆண்டு ரிக்டர் அளவில் 7.6 நிலநடுக்கம் வந்து கோத்தம் தரைமட்டம். முகமூடி கழற்றிய பேட்மேனான புரூஸ் வெய்ன் வாஷிங்டன் போய் மன்றாடுகிறார், பலிக்கவில்லை. இந்த ஊரைத் திரும்பக் கட்டுவது வீண் செலவு என்று முடிவெடுக்கிற அரசு, கெடு வைத்து மக்களை வெளியேறச் சொல்கிறது. கெடு முடிந்ததும் பாலங்களைத் தகர்த்து, கோத்தம் இனி அமெரிக்காவின் பகுதியே இல்லை என்று அறிவித்துவிடுகிறது. உள்ளே மாட்டிக்கொண்டவன் பாடு அவனோடு.

இந்தக் கதைக்காக எலியட் பிரவுன் கோத்தத்துக்கு வரைபடம் போட்டார். நான் வரைபடமே வேண்டாம் என்கிற ஆள், ஆனால் இந்த வரைபடத்துக்கு ஒரு கும்பிடு. ஏனென்றால் அதில் ஊருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும்தான் இருக்கிறது, ஊர் எந்த மாநிலத்தில் என்பது இல்லை. பாலங்களுக்கும் பூங்காவுக்கும் பேட்மேனை வளர்த்தவர்களின் பெயர்: பாப் கேன் நினைவுப் பாலம், டிக் ஸ்பிராங் பெயரில் ஒரு பாலம், ஜெர்ரி ராபின்சன் பெயரில் ராபின்சன் பூங்கா. அந்தப் பூங்காவைத்தான் செடிகொடிகளை ஆளும் வில்லி பாய்சன் ஐவி பிடித்துக்கொள்கிறாள். அனாதைக் குழந்தைகளை அங்கேயே வைத்து வளர்க்கிறாள். பூங்காவில் விளைகிற காயும் பழமும் பட்டினி கிடக்கும் ஊருக்குப் போகிறது, பேட்மேனும் அதற்குச் சம்மதிக்கிறார். பணத்துக்கு மதிப்பில்லாத ஊரில் பண்டமாற்று வியாபாரத்தைப் பென்குயின் என்ற வில்லன் கையில் எடுக்கிறான். எந்தத் தெரு எந்தக் கும்பலுக்கு என்பது சுவரில் அடித்த பெயின்ட்டைப் பார்த்தால் தெரிகிறது. கமிஷனர் கார்டனின் போலீஸ்காரர்களே அப்படி ஒரு கும்பலாக மாறித் தெருத் தெருவாகப் பிடிக்கிறார்கள். மெட்ரோபோலிஸிலிருந்து சூப்பர்மேன் ஒருமுறை வருகிறார். மின் நிலையத்தைச் சரிசெய்து கொடுத்துப் பார்க்கிறார். வெளிச்சம் வந்ததும் அதற்கே ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள். திரும்பிப் போய்விடுகிறார். பக்கத்து ஊரில் ஒரு கடவுள் இருந்தும் இந்த ஊர் ஏன் இப்படியே கிடக்கிறது என்ற பழைய கேள்விக்கு இதைவிட நேர்மையான பதிலை நீங்கள் எழுதியதில்லை.

கடைசியில் சூப்பர்மேனின் எதிரியான கோடீஸ்வரர் லெக்ஸ் லூதர் வள்ளலாக வந்து ஊரைக் கட்டித்தருகிறேன் என்கிறார். உண்மையான திட்டம் என்ன? நில ஆவணங்கள் இருக்கும் காப்பகத்தை அழித்துவிட்டுப் போலிப் பத்திரத்தில் ஊரையே எழுதி வாங்கிக்கொள்வது. சூப்பர் வில்லன் என்றால் லேசர் துப்பாக்கியோடு வருவான் என்று எதிர்பார்த்தவனுக்கு, சார்பதிவாளர் அலுவலகத்தில் நடக்கிற வேலையைக் காட்டினீர்கள். பத்திரமும் வில்லங்கச் சான்றும் தெரிந்த எங்கள் ஊர் வாசகனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆறு ஆண்டு கழித்து, 2005 ஆகஸ்ட் கடைசியில் கத்ரீனா புயல். நியூ ஆர்லியன்ஸ் வெள்ளத்தில். செப்டம்பர் 1ஆம் தேதி, மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தின் மீது நடந்து அக்கரைக்குத் தப்பப் பார்த்தவர்களை, எதிர்ப்பக்கம் இருந்த கிரெட்னா ஊர் போலீசார் துப்பாக்கியோடு நின்று தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். பாலத்தை மூடினால் ஓர் ஊர் நாட்டைவிட்டே வெளியே தள்ளப்பட்டுவிடும் என்பதை உங்கள் இதழில் படித்திருந்தவனுக்கு அந்தச் செய்தி புதிதாக இருந்திருக்காது. நியூயார்க்கை அமெரிக்கா கைவிட்டது என்று 1999இல் எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், நியூயார்க்காரர்கள் சண்டைக்கும் வந்திருப்பார்கள். கோத்தம் என்பதால் எழுத முடிந்தது. கற்பனை ஊரின் தேவையே இதுதான் என்று நினைக்கிறேன்.

எதிர்முகாமைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மார்வெலும் 1961 நவம்பர் தேதியிட்ட ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழில் சென்ட்ரல் சிட்டி என்றுதான் தொடங்கியது, உங்கள் பிளாஷ் ஊரின் பெயரேதான். சில இதழ்களிலேயே நியூயார்க்குக்கு மாறிவிட்டார்கள். ஸ்பைடர்மேன் குவீன்ஸில், டேர்டெவில் ஹெல்ஸ் கிச்சனில். அதில் ஒரு பலம் இருக்கிறது, ஒரு கட்டாயமும் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு ஸ்பைடர்மேன் இதழ் கறுப்பு அட்டையோடு வர வேண்டியிருந்தது. அதில் லாட்வேரியா என்ற இல்லாத நாட்டின் சர்வாதிகாரி டாக்டர் டூம், நிஜமாகவே இடிந்து கிடக்கும் கட்டடங்களின் முன்னால் நின்று கண்ணீர் விடுகிறார். பல வாசகர்களுக்கு அந்தக் கட்டம் தொண்டையில் சிக்கிய முள். உங்களுக்கும் அந்த வாரம் சங்கடம்தான். செப்டம்பர் 12 அன்று கடைக்கு வந்த அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன் 596ஆம் இதழில், விண்வெளிப் போரில் சேதமான லூதரின் லெக்ஸ்கார்ப் இரட்டைக் கோபுரங்கள் இருந்தன. எப்போதோ அச்சாகிவிட்ட இதழ். விரும்பினால் திருப்பி அனுப்பலாம் என்று கடைக்காரர்களுக்குச் சொன்னீர்கள். கற்பனை ஊரில் மறைந்துகொண்டாலும் நிஜம் தேடி வந்து கதவைத் தட்டும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

இனி காரத்துக்கு வருகிறேன்.

ஃபிங்கர் யோசித்து ஒதுக்கிய பெயர்களில் கோஸ்ட் சிட்டி ஒன்று என்றேன். அந்தப் பெயர் பிறகு கிரீன் லேன்டர்னின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. 1993இல் சூப்பர்மேன் 80ஆம் இதழில் அந்த ஊரை அழித்தீர்கள். எழுபது லட்சம் பேர், சில பக்கங்களில். அதற்கு முன் முப்பது வருடத்துக்கு மேலாக அந்த ஊர் உங்கள் இதழ்களில் இருந்தது. ஃபெர்ரிஸ் விமானத் தொழிற்சாலையையும் ஓடுபாதையையும் தவிர அங்கே என்ன பார்த்தோம்? ஒரு கடைவீதி? ஒரு கவுன்சிலர்? கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாயைக்கூட நாலு நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தீவனம் போடுவார்கள். கோஸ்ட் சிட்டிக்கு அதுவும் கிடைக்கவில்லை. கிரீன் லேன்டர்னான ஹால் ஜோர்டனுக்குப் பைத்தியம் பிடிப்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, ஊர் போனது. அவருக்குப் பின் வந்த கைல் ரேனரை எங்கே குடிவைத்தீர்கள்? நியூயார்க்கில், கிரீன்விச் வில்லேஜில். அங்கே எழுபது லட்சம் பேரைக் கொல்ல உங்கள் கை வராது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்போல.

2006இல் ப்ளூட்ஹேவன். கோத்தத்துக்குக் கீழே கடலோரமாகத் திமிங்கில வேட்டையில் பிழைத்த பழைய துறைமுகம், லஞ்சம் வாங்காத போலீஸ்காரனைத் தேட வேண்டிய ஊர், பேட்மேனின் பழைய சீடன் நைட்விங் காக்கி மாட்டிக்கொண்டு ரோந்து போன ஊர். அதற்கு ஒரு முகம் இருந்தது. கீமோ என்ற ரசாயன ராட்சதனை வானத்திலிருந்து போட்டு அதையும் முடித்தீர்கள், பெரிய தொடர் ஒன்றின் நாலாம் இதழுக்குப் பரபரப்பு வேண்டும் என்பதற்காக. பிறகு உங்கள் வழக்கப்படி உலகத்தை மாற்றி எழுதி ஊரை உயிர்ப்பித்தாயிற்று. ஆனால் மாற்றி எழுதுவது பரிகாரம் இல்லை.

பரிகாரம் எப்படி இருக்கும் என்றும் நீங்களே ஒருமுறை காட்டினீர்கள். கோஸ்ட் சிட்டியைத் திரும்பக் கட்டினீர்கள். முதலில் யாரும் குடிவரத் துணியவில்லை, பாதி ஊர் காலி மனை. 2007இல் கிரீன் லேன்டர்னின் எதிரி சினெஸ்ட்ரோவின் படை வருகிறது, ஊரைக் காலி செய்யுங்கள் என்று ஹால் சொல்கிறார். போக மாட்டோம் என்கிறார்கள். ஜன்னல் ஜன்னலாகப் பச்சை விளக்கு எரிகிறது. நாற்பத்தெட்டு வருடத்தில் அந்த ஊர் மக்கள் தாங்களாக எடுத்த முதல் முடிவு அதுதான் என்று தோன்றியது. அன்றைக்குத்தான் கோஸ்ட் சிட்டி எனக்கு ஊரானது.

அமெரிக்க ஊர்களுக்காவது இப்படி ஒரு விளக்கு எரிந்தது. உங்கள் பாலைவன நாடுகளுக்கு?

1988-89இல் பேட்மேனின் துணைவன் ராபினாக இருந்த ஜேசன் டாட் சாகும் கதையில் ஜோக்கரை ஐ.நா.வுக்கு ஈரானின் தூதராக்கினீர்கள். ஈரானின் அன்றைய தலைவர் கொமேனியே அந்த இதழில் வந்தார். நிஜ நாட்டை அப்படி இழுத்தது அபத்தம், அதை விட்டுவிடுவோம். மற்ற சமயங்களில் அதற்கென்றே கற்பனையாக ஒரு குராக், ஒரு பியாலியா தயாராக இருக்கின்றன. குராக் 1987இல் வந்தது. ஜிஹாத் என்றே பெயர் சூட்டிய பயங்கரவாதக் கூட்டத்துக்கு அங்கே கோட்டை. பிறகு 1990களின் தொடக்கத்தில், ஏறத்தாழ கோஸ்ட் சிட்டி எரிந்த அதே காலத்தில், செஷயர் என்ற கூலிக் கொலைகாரி குராக் மீது அணுகுண்டைப் போடுகிறாள். பத்து லட்சத்துக்கு மேல் சாவு. எந்த ஹீரோவுக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. செஷயருக்கே பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. 2005இல் இன்னொரு தொடரில் கதாநாயக வில்லிகளில் ஒருத்தியாக, கிண்டலும் காதலுமாக வலம்வந்தாள். 2006-07இல் பிளாக் ஆடம் என்ற வில்லன் தன் மனைவியை இழந்த கோபத்தில் பியாலியா நாட்டு மக்கள் அத்தனை பேரையும் கொன்று தீர்த்தார். இருபது லட்சம் பேர். இன்றைக்கு அவர் பாதி ஹீரோ. அவருடைய கான்டாக் நாட்டுக்காவது தலைநகரம், வரலாறு, கொடி எல்லாம் ஓரளவு கிடைத்தன. பியாலியாவில் ஒரு தெருப் பெயர் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்று பந்தயம் கட்டுவேன்.

ஆபத்து எங்கே என்றால், நிஜ நாட்டின் பெயரைப் போட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள். குராக்குக்காகச் சண்டைக்கு வர உலகத்தில் ஒரு தூதரகமும் கிடையாது. ஃபிங்கர் எந்த ஊர்க்காரனும் தன் ஊராக நினைத்துக்கொள்ளட்டும் என்று பெயரை மாற்றினார். குராக்கில் பெயர் மாறியது, எந்த ஊர்க்காரனும் தன்னைக் கேள்வி கேட்டுவிடக் கூடாது என்பதற்காக.

2025 சூப்பர்மேன் படத்தில் ஜார்ஹன்பூர் என்று ஒரு நாடு. பெயரைக் கேட்டால் கான்பூருக்கு அடுத்த ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது. படையெடுத்து வரும் நாடு பொராவியா, 1939லேயே சூப்பர்மேன் இரண்டாம் இதழில் வந்த பழம்பெயர். அடிபடுகிறவர்கள் பக்கம்தான் படம் நின்றது, அதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ஜார்ஹன்பூரில் நான் கண்டது வேலி, மண், கையில் கிடைத்ததை ஏந்திய கூட்டம், கொடி தூக்கும் ஒரு சிறுவன். காப்பாற்றப்பட வேண்டிய கூட்டம் என்பதைத் தாண்டி அவர்களுக்கு வேறு அடையாளம் இல்லை.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 1966இல் மார்வெல் தொடங்கிய வகாண்டா எவ்வளவு ஊறியிருக்கிறது என்றால், 2019 டிசம்பரில் அமெரிக்க வேளாண் துறையின் இணையதளத்திலேயே அது வர்த்தகக் கூட்டாளி நாடுகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சோதனைக்காகப் போட்டதை எடுக்க மறந்தார்களாம். குராக்கை எந்தத் துறையும் தவறியும் சேர்க்காது. உங்கள் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1993இல் டுவெய்ன் மெக்டஃபியும் அவரோடு சேர்ந்த கறுப்பினக் கலைஞர்களும் மைல்ஸ்டோன் பெயரில் தொடங்கி நீங்கள் வெளியிட்ட கதைகளில் டகோட்டா என்ற நகரம், அந்த ஊர்க்காரர்களே எழுதியது மாதிரி இருக்கும். 1994இல் ஸ்டார்மேன் தொடருக்காக ஜேம்ஸ் ராபின்சனும் டோனி ஹாரிஸும் கட்டிய ஓப்பல் சிட்டியில், ஒரே குடும்பத்து அண்ணன் தங்கைகள் போலீஸ்காரர்களாக இருப்பதிலிருந்து, நூறு வருடம் முன்பு ஷெரீஃபாக இருந்தவன் யார் என்பதுவரை வாசகனுக்குத் தெரியும். ஓப்பல் சிட்டிக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசியை ஏன் குராக்குக்குக் காட்டக் கூடாது?

ஆகவே என் கோரிக்கை இதுதான். அடுத்த முறை ஒரு நகரத்தைக் கொல்லப்போகிறோம் என்று ஆசிரியர் கூட்டத்தில் யாராவது சொன்னால், முதலில் அந்த ஊரில் மூன்று இதழ் நடத்திக் காட்டு என்று சொல்லுங்கள். குண்டு வெடிக்காத மூன்று இதழ். அதற்குப் பிறகும் கொல்ல மனம் வந்தால் கொல்லட்டும். குராக்குக்கு ஆறு இதழில் ஒரு தொடர் கொடுங்கள், அந்தப் பக்கத்து எழுத்தாளர் ஒருவரையும் ஓவியர் ஒருவரையும் வைத்து. முகமூடி போட்ட அமெரிக்கர் யாரும் வர வேண்டாம். குண்டு விழுந்த பிறகு திரும்பி வந்தவர்கள் வீடு கட்டுகிறார்களா, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, காலையில் எந்தப் பத்திரிகை வருகிறது, அதில் கோத்தம் பற்றி என்ன செய்தி போடுகிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். அந்த நாடு பூகோளத்தில் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அந்தத் தொடர் வந்தால் முதல் இதழ் வாங்க இங்கே ஆள் தயார். விலையை ரூபாயில் மாற்றிப் பார்க்கும்போது தலை சுற்றாத மாதிரி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகன்